வித்தும் பழியும்: ஆணுடலை அறிந்த வரலாறு

தமிழில் 'மலடி' என்னும் சொல்லுக்கு 'மலடன்' என்னும் ஆண்பாற் சொல்லும் உண்டு. அகராதிகள் இரண்டையும் அடுத்தடுத்தே வைத்திருக்கின்றன. ஆனால் வீட்டு முற்றத்திலும் கல்யாண வீட்டுத் திண்ணையிலும் புழங்கும் சொல் முன்னது மட்டுமே. பின்னது அகராதியிலேயே தங்கிவிட்டது. குளச்சலிலிருந்து மேற்கே இனயம் வழியாகத் தேங்காய்ப்பட்டணம் வரை நீளும் கடற்கரையில் முஸ்லிம்களும் கத்தோலிக்க மீனவர்களும் அடுத்தடுத்து வாழ்கிறார்கள். இரு சமயத்தாருக்கும் பொதுவான வழக்கங்களுள் ஒன்று, பிள்ளையில்லாத வீட்டில் மருத்துவரிடம் முதலில் அழைத்துச் செல்லப்படுபவள் மருமகள் என்பது. நேர்ச்சையும் அவளுக்கே, ஓதிய நீரும் அவளுக்கே, ஸ்கேன் பரிசோதனையும் அவளுக்கே. கணவனின் முறை கடைசியில் வருகிறது. பல வீடுகளில் வருவதேயில்லை.

இவ்வழக்கம் நம் மார்க்கத்தின் மொழிக்கு அந்நியமானது. அரபியில் 'ஆகிர்', 'அகீம்' என்னும் சொற்கள் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவானவை. தான் நாடியோரை மகப்பேறற்றோராக ஆக்குவதைப் பற்றி இறைவன் கூறும் இடத்தில் (42:50) அந்நிலை பெண்ணுக்கு மட்டும் உரியதாகச் சொல்லப்படவில்லை. மகப்பேற்றின் நற்செய்தி கிடைத்தபோது ஜகரிய்யா (அலை) அவர்கள் தம் முதுமையை முதலிலும் மனைவியாரின் நிலையை அதற்கு அடுத்தும் எடுத்துரைத்ததாகத் திருமறை காட்டுகிறது (3:40). நபி ஒருவரே தம் உடலையும் கணக்கில் சேர்த்துப் பேசியிருக்கிறார்.

அவ்வாறாயின், பழி முழுவதும் பெண்ணின் மேல் விழும் வழக்கம் எங்கிருந்து வந்தது? அதன் பின்னே பழையதொரு உடலியல் கொள்கை நிற்கிறது. ஆணின் உறுப்புகளும் அவற்றின் தொழிலும் எவ்வாறு படிப்படியாக அறியப்பட்டன என்னும் வரலாற்றைப் பார்த்தால், அக்கொள்கையை நம் முன்னோர்களான மருத்துவர்களும் சட்ட அறிஞர்களும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஏற்க மறுத்தமை புலப்படும். இத்தகைய பொருளைப் பேச நாணம் தடையாகலாம். ஆனால் மார்க்கத்தை அறிந்துகொள்ள நாணம் தடையாக இருக்கவிடாத அன்சாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) பாராட்டியதை நாம் அறிவோம். அந்தப் பாராட்டின் துணையோடு மேலே செல்வோம்.

இரு கிரேக்கர்களின் வழக்கு

மகப்பேற்றைப் பற்றிய பழங்கொள்கைகளில் இரண்டு நெடுங்காலம் ஆட்சி செய்தன. கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அரிஸ்டாட்டில், குழந்தைக்கு உருவத்தையும் உயிரியக்கத்தையும் தருவது ஆணின் வித்து மட்டுமே என்றார். பெண் தருவது பொருள் மட்டுமே. அப்பொருள் மாதவிடாய்க் குருதி. தச்சனுக்கு மரம் எப்படியோ, அப்படியே ஆணுக்குப் பெண் என்பது அவர் கருத்து. வியப்பு என்னவெனில், வித்தை இத்துணை உயர்த்திய அவர், அது உருவாகும் இடத்தை அறியவில்லை. ஆணின் விரைகள் வித்தை உண்டாக்குவதில்லை என்றும், தறியில் பாவு நூல் தளராதிருக்கக் கட்டித் தொங்கவிடும் கற்களைப்போல் உள்ளிருக்கும் குழல்களை இழுத்துப் பிடிப்பதே அவற்றின் வேலை என்றும் எழுதினார்.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மருத்துவர் கலேன் இதனை மறுத்தார். விரைகள் வித்தை உண்டாக்கும் உறுப்புகளே என்றும், பெண்ணிடமும் அவற்றுக்கு இணையான உறுப்புகள் உள்ளே இருக்கின்றன என்றும், இருவரின் வித்தும் கூடியே கரு உண்டாகிறது என்றும் நிறுவ முயன்றார். ஆயினும் பெண்ணின் வித்து வலிமை குறைந்தது என்னும் எண்ணத்தை அவராலும் முற்றிலும் கைவிட முடியவில்லை.

ஒரு வித்தா, இரு வித்தா என்னும் இவ்வழக்கு வெறும் தத்துவ வழக்கு அன்று. வித்து ஆணுடையது மட்டும் என்றால் பெண் நிலம் ஆகிறாள்; முளைக்காத பழி நிலத்தின் மேல் விழுகிறது. வித்து இருவருடையதும் என்றால், குறையும் இருவரில் எவரிடமும் இருக்கலாம் என்றாகிறது.

பாக்தாதில் நடந்த விசாரணை

அரிஸ்டாட்டிலின் விலங்கியல் நூல்களும் கலேனின் உடற்கூற்று நூல்களும் ஹிஜ்ரி 3ஆம் நூற்றாண்டில், அதாவது கி.பி. 9ஆம் நூற்றாண்டில், அரபிக்கு வந்துவிட்டன. ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கும் அவருடைய மாணவர்களும் கலேனை மொழிபெயர்த்தனர். 10ஆம் நூற்றாண்டில் குர்துபாவின் அரீப் இப்னு ஸஅத், கருவின் படைப்பைப் பற்றியும் சூலுற்றோர், குழந்தைகள் ஆகியோரின் பராமரிப்பைப் பற்றியும் தனிநூலே எழுதினார். இப்னு ஸீனா (இறப்பு 1037) தம் 'அல்கானூன்' நூலின் மூன்றாம் பாகத்தில் ஆண் உறுப்புகளுக்குத் தனிப்பகுதியும், அதனையடுத்துப் பெண் உறுப்புகளுக்குத் தனிப்பகுதியும் ஒதுக்கினார். தத்துவத்தில் அரிஸ்டாட்டிலின் பக்கம் சாய்ந்த அவர், மருத்துவத்தில் கலேனைத் தள்ளிவிட முடியாமல் இரண்டையும் இணைக்கப் பாடுபட்டார்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது, மகப்பேறின்மையை அவர் ஆராய்ந்த முறை. காரணம் ஆணின் வித்தில் இருக்கலாம், பெண்ணின் வித்தில் இருக்கலாம், இருவரின் உறுப்புகளிலும் இருக்கலாம் என்று அவர் வகுத்துக்கொள்கிறார். அக்கால மருத்துவம் கைக்கொண்ட சோதனை ஒன்று, இருவரின் வித்தையும் தனித்தனியே நீரில் இட்டுப் பார்ப்பது. எது மிதக்கிறதோ அதற்குரியவரிடமே குறை என்பது முடிவு. நாஞ்சில் நாட்டு உழவர்கள் விதைநெல்லை உப்புநீரில் இட்டு, மிதக்கும் பதரை ஒதுக்கும் வழக்கத்தை இது நினைவூட்டுகிறது. சோதனை என்ற அளவில் இன்று இதற்குப் பயனில்லை. ஆனால் அதன் பின்னே நிற்கும் நீதி மதிப்புடையது: இருவரையும் ஒரே தராசில் நிறுத்திப் பார்த்த பிறகே முடிவு.

மனைவியரை விளைநிலத்துக்கு ஒப்பிடும் திருவசனத்தைக் (2:223) காட்டிப் பெண்ணை வெறும் நிலமாகக் கருதுவோர்க்கும் இதுவே மறுமொழி. விளைச்சல் பொய்த்தால் விதையைச் சோதிக்காமல் நிலத்தை மட்டும் நிந்திக்கும் உழவன் எங்கும் இல்லை.

ஹதீஸ் அறிஞர்கள் இவ்வழக்கில் மருத்துவர்களைவிடத் தெளிவாகத் தீர்ப்பளித்தார்கள். உம்மு ஸுலைம் (ரலி) நபி (ஸல்) அவர்களிடம் வந்து, பெண்ணுக்கும் உறக்கத்தில் இந்திரியம் வெளிப்பட்டால் குளிப்பு கடமையா என்று கேட்ட செய்தி புகாரீயிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. நபி (ஸல்) அவர்கள் ஆம் என விடையளித்ததோடு, குழந்தை தாயை ஒத்திருப்பதற்கும் அதுவே காரணம் என உணர்த்தினார்கள். இதனை அடிப்படையாகக் கொண்டு இப்னுல் கய்யிம் (இறப்பு 1350), பெண்ணுக்கு வித்து இல்லை என்போரை மறுத்தார். ஸஹீஹுல் புகாரீயின் பேருரையான 'ஃபத்ஹுல் பாரீ'யில் இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (இறப்பு 1449), உடற்கூற்றாளர் பலர் கொண்டிருந்த ஒருதலைக் கொள்கையை நபிமொழி செல்லாததாக்குகிறது என எழுதினார். 'கலந்த துளி' என்னும் கருத்துடைய திருமறைச் சொற்றொடரும் (76:2) விரிவுரையாளர்களுக்கு இத்திசையையே காட்டியது.

ஃபிக்ஹு நூல்கள் கண்ட உடல்

கேரளத்திலும் தமிழகக் கடலோரத்திலும் ஷாஃபிஈ மத்ஹபின் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக ஓதிவரும் நூல் 'ஃபத்ஹுல் முஈன்'. 16ஆம் நூற்றாண்டில் பொன்னானியின் ஸைனுத்தீன் மக்தூம் எழுதியது. இதுபோன்ற நூல்களின் தூய்மை பற்றிய பாடத்தில் ஆணுடலிலிருந்து வெளிப்படும் நீர்கள் மூன்றாகப் பிரிக்கப்படுகின்றன: மனீ, மதீ, வதீ. வேகத்தோடு பாய்வதும் இன்பத்தோடு வெளிப்படுவதும் மனீ. அதற்கே குளிப்பு கடமை. கிளர்ச்சியின் தொடக்கத்தில் கசியும் மெல்லிய பிசுபிசுப்பான நீர் மதீ. சிறுநீரை அடுத்து வரும் தடித்த வெண்ணீர் வதீ. இவ்விரண்டுக்கும் கழுவி உளூச் செய்தாற் போதும். மதீ அடிக்கடி வெளிப்பட்ட அலீ (ரலி) அவர்கள், நபியின் மருமகனாக இருந்த நாணத்தால் மிக்தாத் (ரலி) அவர்களைக் கொண்டு கேட்டறிந்த சட்டம் இது.

வணக்கத்துக்காக வகுக்கப்பட்ட இப்பிரிவினை உடலியலுக்கும் பொருந்துகிறது. மதீ பெரும்பாலும் வருவது ஆண்குறியின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் இரு சுரப்பிகளிலிருந்து. வில்லியம் கௌப்பர் என்னும் ஆங்கில அறுவை மருத்துவர் 1699இல் விவரித்ததால் அவை அவர் பெயரால் அழைக்கப்படுகின்றன. மனீயின் அடையாளமாக ஃபிக்ஹு நூல்கள் கூறுவது ஈரத்தில் மாவின் மணமும் பேரீச்சம் பாளையின் மணமும், உலர்ந்தபின் முட்டை வெண்கருவின் மணமும். இம்மணத்துக்குக் காரணமான பொருளுக்கு 1888இல் வேதியியலார் 'ஸ்பெர்மின்' எனப் பெயரிட்டனர். மூக்கால் அறிந்து எழுதிவைத்ததைப் பிற்காலத்தார் குடுவையில் கண்டனர்.

இவற்றினும் முக்கியமான வேறொரு பிரிவினை திருமணச் சட்டத்தில் இருக்கிறது. உடலுறவுக்கு இயலாதவன் 'இன்னீன்'. இயன்றும் பிள்ளைப்பேறு இல்லாதவன் 'அகீம்'. நம் சட்ட அறிஞர்கள் இவ்விரு நிலைகளையும் ஒருபோதும் குழப்பிக்கொள்ளவில்லை. இன்னீனின் மனைவி காழியிடம் முறையிட்டால் கணவனுக்கு ஓர் ஆண்டு தவணை. பின்னும் மாறாவிடில் மணத்தை முறித்துக்கொள்ள அவளுக்கு உரிமை உண்டு. உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பை ஒட்டிய இத்தவணைக்குச் சொல்லப்படும் காரணம், நான்கு பருவங்களும் கடந்துபோக வேண்டும் என்பது. நோய் வெப்பத்தாலோ குளிராலோ வந்ததாயின் ஏதேனும் ஒரு பருவத்தில் நீங்கிவிடும் என்பது அக்கால மருத்துவம். பொறுமைக்கும் எல்லை வகுத்த சட்டம் அது.

பிள்ளைப்பேறின்மையைப் பெரும்பாலான ஃபிக்ஹு நூல்கள் மணமுறிவுக்குரிய குறைகளில் சேர்க்கவில்லை. ஆயினும் அப்துர் ரஸ்ஸாக்கின் 'முஸன்னஃப்' பதிவுசெய்து, இப்னுல் கய்யிம் 'ஸாதுல் மஆத்' நூலில் எடுத்தாளும் செய்தி ஒன்று உண்டு. உமர் (ரலி) அவர்கள் பணிக்கு அனுப்பிய ஒருவர் மணம் செய்துகொண்டு திரும்பினார், அவர் பிள்ளைப்பேறற்றவர். அதை அப்பெண்ணிடம் சொன்னீரா என்று கேட்டார்கள் கலீஃபா. இல்லை என்றதும், போய்ச் சொல்லிவிட்டு முடிவை அவளுக்கே விட்டுவிடப் பணித்தார்கள். குறை ஆணிடம் இருக்கக்கூடும் என்பதும், அதை அறியும் உரிமை மனைவிக்கு உண்டு என்பதும் ஹிஜ்ரி முதல் நூற்றாண்டிலேயே பேசப்பட்ட செய்திகள்.

உருப்பெருக்கியும் திரும்பி வந்த பிழையும்

ஐரோப்பாவில் ஆணுடலின் நுண்ணமைப்பு 17ஆம் நூற்றாண்டில் வெளிப்படத் தொடங்கியது. 1668இல் டச்சு மருத்துவர் ரெக்னியர் த கிராஃப், விந்தகம் என்பது நுண்ணிய குழல்களின் சுருணையே என்று காட்டினார். 1677இல் டெல்ஃப்ட் நகரத் துணி வணிகர் ஆன்டனி வான் லீவன்ஹூக், தாமே தேய்த்துச் செய்த கண்ணாடி வில்லையின் வழியே விந்தில் நீந்தும் அணுக்களைக் கண்டு இலண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார்.

கண்டது மெய்; அதிலிருந்து பலர் வந்தடைந்த முடிவு பிழை. விந்தணுவின் தலைக்குள் முழு மனிதனே சுருங்கி அமர்ந்திருக்கிறான் என்றனர் சிலர். 1694இல் ஹார்ட்சூக்கர் அத்தகைய குட்டி மனிதனைப் படமாகவும் வரைந்தார். அரிஸ்டாட்டிலின் நிலமும் வித்தும் உருப்பெருக்கியின் வழியே திரும்பி வந்துவிட்டன. கருவி கூர்மையாக இருந்தாலும் பழைய எண்ணம் கண்ணை மறைக்கும் என்பதற்கு இது சான்று.

இவ்வழக்கு முடிய மேலும் இரு நூற்றாண்டுகள் ஆயின. பாலூட்டிகளின் சினைமுட்டையைக் கார்ல் வான் பேயர் 1827இல் கண்டார். விந்தணுக்கள் விந்தகத்தின் உயிரணுக்களிலிருந்தே பிறக்கின்றன என்று கோலிக்கர் 1841இல் காட்டினார். விந்தணுவின் கருவும் முட்டையின் கருவும் ஒன்றாவதை, கடல் முள்ளெலியின் முட்டையில் ஆஸ்கர் ஹெர்ட்விக் 1876இல் கண்ணாரக் கண்டார். இருவரின் பங்கும் கூடியே கரு உண்டாகிறது என்பது அப்போதே ஐயத்துக்கு இடமின்றி நிலைபெற்றது.

இரு தொழில், ஓர் உறுப்பு

இன்று நாம் அறிந்தவற்றைச் சுருக்கிச் சொல்லலாம். விந்தகங்கள் இரண்டும் தாயின் வயிற்றில் சிசுவாக இருக்கையில் சிறுநீரகங்களின் அருகே, முதுகுப்புறத்தில் உருவாகி, பிறப்புக்கு முன்பே விரைப்பைக்குள் இறங்குகின்றன. அவற்றுக்குக் குருதி கொண்டுவரும் நாளங்கள் இன்றும் முதுகெலும்பையொட்டிய பெருந்தமனியிலிருந்தே கிளைக்கின்றன. முதுகந்தண்டைக் குறிப்பிடும் திருவசனங்களோடு (86:5-7) இதனை இணைத்துக் காண்போர் உண்டு. ஆனால் அவ்வசனங்களுக்கு முற்கால விரிவுரையாளர்களே பல பொருள் கூறியிருக்கின்றனர். நபி (ஸல்) அவர்கள் அனுப்பப்பட்டது மார்க்கத்தைக் கற்பிக்கவே அன்றி மருத்துவத்தைக் கற்பிக்க அன்று என இப்னு கல்தூன் (இறப்பு 1406) எழுதியதை நினைவிற் கொள்வது நலம். அறிவியல் நூல் பதிப்புக்குப் பதிப்பு மாறும். வேதம் அவ்வாறு மாறுவதன்று.

விரைப்பை உடலுக்கு வெளியே தொங்குவதற்குக் காரணம் உண்டு. விந்தணு உண்டாக உடலின் வெப்பத்தைவிட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குறைந்த வெப்பம் தேவை. விந்தகம் இறங்காமல் வயிற்றிலேயே தங்கிவிட்ட குழந்தைக்கு 18 மாதங்களுக்குள் அறுவை செய்வது நல்லது என்பது இதனால்தான். பெற்றோர் இதனைச் சுன்னத்துக் கல்யாணம் வரை கவனிக்காமல் விட்டுவிடலாகாது.

விந்தகத்துக்குள் இருக்கும் நுண்குழல்களை ஒன்றோடொன்று இணைத்தால் பல நூறு மீட்டர் நீளும். அவற்றின் சுவரில் ஒரு விந்தணு முழுமை பெற ஏறத்தாழ 70 நாள்கள் ஆகின்றன. பின்னர் சுமார் 6 மீட்டர் நீளமுள்ள எபிடிடிமிஸ் என்னும் சுருள்குழலில் அது நீந்தும் ஆற்றலைப் பெற்று, விந்துநாளத்தின் வழியே மேலேறுகிறது. வழியில் விந்துப்பைகளும் புரோஸ்டேட் சுரப்பியும் தத்தம் நீரைச் சேர்க்கின்றன. வெளிப்படும் விந்தில் மிகப்பெரும் பகுதி இவ்விரண்டின் நீரே. விந்தணுக்களின் பங்கு நூற்றில் சில மட்டுமே. ஆகவே விந்தின் அளவையோ தடிப்பையோ கண்ணால் பார்த்து அதில் விந்தணு உண்டா என்று எவராலும் சொல்ல இயலாது.

நம் சட்ட அறிஞர்கள் பிரித்த இன்னீன், அகீம் என்னும் இரு நிலைகளுக்கும் உடற்கூற்றிலேயே அடிப்படை இருக்கிறது. விந்தகம் ஓர் உறுப்பாயினும் அதன் தொழில் இரண்டு. நுண்குழல்களுக்குள் செர்டோலி 1865இல் விவரித்த அணுக்களின் துணையோடு விந்தணு உண்டாகிறது. குழல்களுக்கு வெளியே, லைடிக் 1850இல் விவரித்த அணுக்கள் 1935இல் பிரித்தெடுக்கப்பட்ட டெஸ்டோஸ்டிரோன் என்னும் இயக்குநீரைச் சுரக்கின்றன. மீசை, குரல், தசை வலிமை, வேட்கை ஆகியவை இந்நீரின் பயன்கள். முதல் தொழில் முற்றிலும் நின்றுபோனாலும் இரண்டாவது குறைவின்றி நடக்கக்கூடும். கட்டுடலும் குறைவற்ற இல்லறமும் உடைய ஒருவனுடைய விந்தில் ஒரு விந்தணுகூட இல்லாமல் இருக்கலாம். ஆண்மை வேறு, மகப்பேற்றுத் திறன் வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதாலேயே, பரிசோதனைக்கு வரச்சொன்னால் தன் ஆண்மையையே ஐயுற்றதாகக் கருதிக் கணவன் சினம் கொள்கிறான்.

இக்கரைக்கு வந்த அறிவு

இந்த அறிவு தமிழுக்கு வந்தது பிந்தி அன்று. அமெரிக்க மருத்துவரான சாமுவேல் கிறீன் 1847இல் இலங்கைக்கு வந்து, மானிப்பாயிலிருந்து தமிழ் மாணவர்களுக்கு மேலை மருத்துவம் கற்பித்தார். தமிழிலேயே கற்பிக்க வேண்டுமென்ற உறுதியோடு நூல்களையும் மொழிபெயர்த்து வெளியிட்டார். மகப்பேற்று மருத்துவ நூல் 1857இல் வந்தது. கிரேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என 1872இலும், டால்டனின் உடலியல் நூல் 'மனுஷ சுகரணம்' என 1883இலும் வெளிவந்தன. ஆணின் உறுப்புகளையும் உட்படுத்தி மனித உடல் முழுவதையும் மேலை முறைப்படி விவரிக்கத் தமிழால் இயலும் என்பது அப்போதே நிறுவப்பட்டுவிட்டது.

தென்திருவிதாங்கூரில், இனயம் கரைக்கு உள்நாட்டுப் பக்கமாக அமைந்த நெய்யூரில், ஆர்ச்சிபால்டு ராம்சே 1838இலேயே மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1860களில் ஜான் லோ அங்கே உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவ வகுப்பு நடத்தினார். இப்பகுதியின் சித்த வைத்தியர்களும் யூனானி ஹகீம்களும் தத்தம் மரபில் சுக்கிலம், சுரோணிதம் என்றும், மனீ என்றும் இருவர் வித்தையும் பேசியே வந்தனர். அறிவுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. பஞ்சம் இருந்தது அவ்வறிவு வீட்டுக்குள் நுழையும் வாயிலில்தான்.

அந்த இடைவெளியில் அச்சம் குடிபுகுந்தது. உணவு குருதியாகி, குருதி படிப்படியாகத் தாதுவாகிறது என்னும் பழங்கொள்கையைத் திரித்து, ஒரு துளி இந்திரியம் போனால் பல துளிக் குருதி போனதாக இளைஞரை நடுங்கவைக்கும் சுவரொட்டி வைத்தியர்கள் பெருகினர். இவ்வச்சத்தால் வரும் மனத்துயரை இந்திய மனநல மருத்துவர் என்.என். விக் 1960இல் 'தாத்' நோய்க்குறி என்று பெயரிட்டு எழுதினார். இரவில் தானே வெளியேறுவதை நோயாகக் கருதாமல், குளித்துத் தொழுமாறு மட்டும் சொன்ன மார்க்கத்தைச் சேர்ந்த இளைஞரும், லாட்ஜில் அறையெடுத்துத் தங்கும் வைத்தியரிடம் பணம் இழந்தது வேதனை.

வளைகுடாக் கணக்கு

இக்கடற்கரையின் ஆண்கள் பலர் வளைகுடா நாடுகளில் உழைக்கிறார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு மாத விடுப்பில் வரும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மணமாகி ஆறு ஆண்டுகள் ஆகியும் பிள்ளையில்லை என்று ஊர் பேசுகிறது. ஆனால் கணவனும் மனைவியும் ஒன்றாக வாழ்ந்தது ஆறு மாதங்களே. ஓராண்டு இடைவிடாது கூடி வாழ்ந்தும் கரு தங்காத நிலையையே மருத்துவம் மகப்பேறின்மை என்கிறது. அந்த இலக்கணத்தின்படி இத்தம்பதியர் இன்னும் சோதிக்கப்பட வேண்டிய காலத்தையே எட்டவில்லை.

மேலும் நுணுகிப் பார்த்தால், ஒரு மாதவிடாய்ச் சுழற்சியில் கருத்தரிக்க வாய்ப்புள்ளவை சினைமுட்டை வெளிப்படும் நாளும் அதற்கு முந்திய ஐந்து நாள்களும் மட்டுமே என்பதை 1995இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. முட்டை வாழ்வது ஏறத்தாழ ஒரு நாள். விந்தணு ஐந்து நாள்கள் வரை. இரண்டு மாத விடுப்பில் கிடைப்பவை இரண்டு வாய்ப்புகளே. அவற்றுள் ஒன்று விருந்துகளிலும் பயணத்திலும் கழிந்துபோகலாம். விடுப்பு முடிந்து விமானம் ஏறியவனின் பெயர் கெடுவதில்லை. வீட்டில் எஞ்சியவளின் பெயரே கெடுகிறது.

மகப்பேறு தாமதமாகும் தம்பதியருள் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் ஆணின் பங்கும் காரணமாக இருக்கிறது. விரைப்பை நாளப் புடைப்பு, பருவம் எய்தியபின் வந்த அம்மைக்கட்டு, பழைய தொற்றுகள், புகையிலை, கடும் வெப்பத்தில் செய்யும் வேலை எனக் காரணங்கள் பல. அவற்றுள் பலவற்றுக்குச் சிகிச்சை உண்டு. இவற்றை அறிவதற்கான முதற்படி விந்துப் பரிசோதனை. பெண்ணுக்குச் செய்யும் பரிசோதனைகள் பலவற்றைக் காட்டிலும் எளியது, செலவு குறைந்தது, வலியற்றது. இரண்டு முதல் ஏழு நாள்கள் இடைவெளிக்குப் பின் செய்ய வேண்டும். ஒருமுறை குறைவாக வந்தால் மீண்டும் செய்ய வேண்டும். கடும் காய்ச்சல் கண்டவனுக்கு அதன் விளைவு மூன்று மாதங்கள் வரை தெரியும் என்பது, மேலே சொன்ன 70 நாள் கணக்கிலிருந்தே விளங்கும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேடு, ஒரு மில்லிலிட்டரில் 1 கோடியே 60 இலட்சம் விந்தணுக்களைக் கீழ்நிலை அளவாகக் காட்டுகிறது. அது எல்லைக்கல் அன்று. அதற்குக் கீழே உள்ளவர்களும் தந்தையராகியிருக்கிறார்கள்.

பெண் குழந்தைகளையே பெற்றாள் என்று ஏசப்படும் தாயின் வழக்கும் இதனோடு சேர்ந்ததே. முட்டையில் இருப்பது எப்போதும் எக்ஸ் குரோமோசோம். விந்தணுவில் எக்ஸ் அல்லது ஒய். குழந்தையின் பால் தந்தையிடமிருந்து வரும் குரோமோசோமினால் அமைகிறது என்பதற்கு நெட்டி ஸ்டீவன்ஸ் என்னும் பெண் ஆய்வாளர் 1905இல் வழி காட்டினார். இதில் தந்தைக்கும் தேர்வு இல்லை. பெண் மகவின் செய்தி கேட்டு முகம் கறுப்பவனைத் திருமறை கண்டித்தது (16:58-59) ஏன் என்பதை அறிவும் இப்போது எடுத்துரைக்கிறது.

மருத்துவத்தின் புதிய வாயில்களையும் நம் அறிஞர்கள் அடைத்துவிடவில்லை. எகிப்தின் முஃப்தியாக இருந்த ஜாதுல் ஹக் 1980இல் வழங்கிய ஃபத்வாவும், அதனை அடுத்து வந்த ஃபிக்ஹு மன்றங்களின் முடிவுகளும், மணவாழ்வு நிலைத்திருக்கையில் கணவனின் வித்தையும் மனைவியின் முட்டையையும் கொண்டு கருவை உருவாக்குவதை அனுமதித்தன. வேற்றாரின் வித்தைத் தடுத்தன. 1992இல் பிரஸ்ஸல்ஸ் மருத்துவர்கள் ஒற்றை விந்தணுவை முட்டைக்குள் நேரடியாகச் செலுத்தும் முறையில் வெற்றி கண்டபின், விந்தணு மிகக் குறைந்த ஆணுக்கும் தன் வித்தாலேயே தந்தையாகும் வழி திறந்தது. ஆனால் அவ்வழியில் நுழைவதற்கு ஒரு நிபந்தனை உண்டு: அவன் முதலில் தன்னைச் சோதித்துக்கொள்ளச் சம்மதிக்க வேண்டும்.

நிக்காஹ் பதிவேடும் மணப்பிணக்கு விசாரணையும் ஜமாஅத்துகளின் கையில் இருக்கின்றன. பிள்ளையில்லை என்று தலாக்கோ மறுமணமோ கோரி ஒருவர் வரும்போது, எத்தனை மாதங்கள் ஒன்றாக வாழ்ந்தீர்கள், உங்களைப் பரிசோதித்துக்கொண்டீர்களா என்னும் இரண்டு கேள்விகளைக் கேட்பது ஜமாஅத்துக்கு அரிய செயல் அன்று. உமர் (ரலி) அவர்கள் அன்று கேட்ட கேள்வியின் வழியில் வருபவையே அவ்விரண்டும்.